மூன்றாம் அலசல்

சமையலறை முழுக்க வினிகர் நெடி. இரண்டு சன்னல்களைத் திறந்துவைத்தும் போகவில்லை. வசந்தா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "ஊறுகா கம்பெனி ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டாள். மேடைமேல் அந்தக் காபி இயந்திரம் முனகிக்கொண்டிருக்கிறது. ஆறு ஆண்டுகளாகப் பரணில், ஒரு பழைய போர்வைக்குள் கிடந்ததை இன்று காலை நானே ஏணி வைத்து இறக்கினேன். நீ இருந்திருந்தால் ஏணியைப் பிடித்தபடி, "ஒவ்வொரு படியா எறங்கு சட்டாம்பிள்ளே, ரூல்ஸ்படி" என்றிருப்பாய்.

இந்த முனகலை முதலில் கேலி செய்தவன் நீதான். ஆறு ஆண்டுக்கு முந்தைய மார்கழியில் என் தம்பி குவைத்திலிருந்து இதைக் கொண்டுவந்து கொடுத்தான். மேலே தண்ணீரை ஊற்றி, வடிதாளில் தூளைப் போட்டுப் பொத்தானை அமுக்கினால், உள்ளே ஒரு குழாயில் தண்ணீர் சூடேறித் தூளின்மேல் சொட்டும். கீழே கண்ணாடிக் குடுவையில் டிகாக்‌ஷன் இறங்கும். பாலும் சர்க்கரையும் நாம் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். நீ அதை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தாய். "நம்ம பித்தள ஃபில்டரு சத்தமில்லாம செய்யிற வேலைய இது கரண்டையும் குடிச்சிட்டு கத்திக்கிட்டே செய்யிது. நல்ல உத்தியோகந்தான்" என்றாய்.

சொன்னாயே தவிர, காலை ஆறரைக்கு உன் மொபெட் எங்கள் வாசலில் நிற்காத நாள் இல்லை. மின்கம்பங்களுக்குப் பீங்கான் இன்சுலேட்டர் செய்யும் அதே தொழிற்சாலையில் நான் சோதனைக்கூடப் பொறுப்பாளன். நீ சூளைப் பொறுப்பாளன். என்னை ஏற்றிக்கொண்டு போக வருவாய். கிளம்புமுன் முன்வாசல் படியில் உட்கார்ந்து ஒரு தம்ளர் காபி. படியை ஒட்டி, சூளையில் விரிசல் விட்ட ஒரு பெரிய பீங்கான் குழாயை நிறுத்தி, அதில் மண் நிரப்பி, வசந்தா ஒரு குரோட்டன்ஸ் வளர்த்தாள். அதன் பக்கத்தில்தான் நீ எப்போதும் உட்காருவாய். உன் கையில் தம்ளரைக் கொடுத்துவிட்டு நான் உள்ளே போய்விடுவேன். பயன்படுத்திய உடனே குடுவையைக் கழுவ வேண்டும் என்று கையேட்டில் எழுதியிருந்தது. நான் அதை ஒருநாளும் தவறவிட்டதில்லை. கழுவித் துடைத்துக் கவிழ்த்துவிட்டு வெளியே வந்தால் உன் தம்ளர் காலியாக இருக்கும்.

"அதுக்குள்ள முடிச்சிட்டியா?"

"ஆச்சுய்யா. ஏறு, நேரமாவுது."

நாம் இருவரும் எப்படி நண்பர்களானோம் என்பது தொழிற்சாலையில் பலருக்கு விளங்கவில்லை. நான் எதையும் அளந்து, எழுதி, கையொப்பமிட்ட பிறகே நம்புகிறவன். நீ சூளையின் துளைவழியே ஒரு கண்ணை வைத்து, உள்ளே எரியும் நிறத்தைப் பார்த்து, "இன்னும் அர மணி நேரம் வேணும்" என்பாய். வெப்பமானி பெரும்பாலும் உன் பக்கமே பேசும். அது எனக்குச் சற்று எரிச்சலாகவே இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அந்த மாசியில் இரண்டு காரியங்கள் சேர்ந்தே நடந்தன. ஒன்று, குரோட்டன்ஸ் தொட்டியில் எறும்பு மொய்க்கத் தொடங்கியது. வசந்தா மஞ்சள்தூள் போட்டாள், போகவில்லை. நான் தொட்டி மண்ணில் ஒரு பிடியைக் காகிதத்தில் மடித்துச் சோதனைக்கூடத்துக்கே எடுத்துப் போனேன். மண்ணில் சுண்ணாம்பு இல்லை என்பதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. உன்னிடம் சொன்னபோது நீ வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தாய். "எறும்பும் பொழைக்க வேணாமா? வுடுய்யா" என்றாய். ஒரு சாதாரணச் செய்திக்கு அவ்வளவு சிரிப்பு எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை.

இரண்டாவது, காபி இயந்திரம் தளர்ந்துபோனது. ஆறு நிமிடத்தில் நிறைந்த குடுவை பதினேழு நிமிடம் எடுத்தது. கைக்கடிகாரம் வைத்துப் பார்த்தேன். மூடியைத் திறந்தால் தொட்டியின் அடியெங்கும் வெள்ளையாக, சொரசொரப்பாக, சுண்ணாம்பு அப்பியதுபோல் ஒரு படிவம். எங்கள் தெரு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நீ அறிவாய். எட்டிப் பார்த்துவிட்டு, "சோத்துப் பானையிலயே உப்பு பூக்குது. இந்தத் தண்ணிய ஊத்துனா, பாவம், அது மூச்சு விட வேணாமா?" என்றாய்.

கையேடு தெளிவாகவே சொன்னது. ஒரு பங்கு வினிகர், ஒரு பங்கு தண்ணீர். பாதி இறங்கியதும் நிறுத்தி அரை மணி நேரம் ஊறவிட வேண்டும். பிறகு மீதியை ஓடவிட்டு, வெறும் தண்ணீரால் அலச வேண்டும். மற்ற எல்லாக் காரியத்திலும் அந்தக் கையேட்டை வேதமாக மதித்தவன், இந்த ஓர் இடத்தில் அதைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று எண்ணினேன். சுண்ணாம்புக்கு எதிரி எது என்பதை எனக்கு ஒரு சமையல் சாமான் சொல்லித்தர வேண்டுமா? வரும் களிமண் ஒவ்வொன்றிலும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டி, பொங்கினால் சுண்ணாம்பு என்று திருப்பி அனுப்புவது என் வேலை. உப்புப் படிந்த கண்ணாடிக் கலங்களை நீர்த்த அமிலத்தால் கழுவி, நல்ல தண்ணீரில் மூன்று முறை அலச வேண்டும் என்பது எங்கள் கூடத்தின் விதி. சுவரில் தொங்கும் அந்தப் பலகையை எழுதியதும் நான்தான். 'மூன்று' என்பதற்கு அடியில் சிவப்பு மையால் இரட்டைக் கோடு போட்டிருந்தேன்.

ஆகவே பதிவேட்டில் எழுதிவிட்டு ஒரு சிறிய புட்டியில் அமிலம் கொண்டுவந்தேன். வசந்தா திட்டக்குடியில் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்த வாரம் அது. காலை ஐந்தரைக்குத் தொடங்கினேன். நீர்த்த அமிலத்தை ஊற்றியதும் தொட்டி நுரைத்துப் பொங்கியது. கால் மணி நேரத்தில் அடி பளிச்சென்று தெரிந்தது. ஒருமுறை அலசினேன். இரண்டாம் முறை அலசினேன். மூன்றாம் முறைக்குச் செம்பில் தண்ணீர் எடுத்தபோது வாசலில் உன் வண்டியின் ஹாரன் கேட்டது. வழக்கத்தைவிட இருபது நிமிடம் முன்னதாக வந்திருந்தாய்.

"யோவ், இன்னிக்கி சூளை தொறக்கிற நாளு, மறந்துட்டியா? உன் காபி வர்றதுக்குள்ள எல்லாம் ஆறிப்போவும்யா!"

செம்பைக் கீழே வைத்தேன். நானே எழுதிய விதியை வாழ்நாளில் தெரிந்தே தாண்டியது அந்த ஒருமுறைதான். தூளைப் போட்டுப் பொத்தானை அமுக்கினேன். ஐந்தரை நிமிடத்தில் குடுவை நிறைந்தது. பெருமையோடு தம்ளரை உன்னிடம் நீட்டினேன். அன்று கிருத்திகை, காலையில் நான் எதையும் தொடுவதில்லை என்பதால் எனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை.

நீ மோந்து பார்த்தாய். "என்னய்யா, உங்க லேபு வாட அடிக்குது?"

"புதுசாட்டம் ஆக்கியிருக்கேன். குடிச்சிப் பாரு."

நான் உள்ளே போய்க் குடுவையைக் கழுவினேன். திரும்பி வந்தபோது தம்ளர் காலி.

"எப்படி?"

"பிரமாதம். ஏறு."

பத்து மணிக்குச் சூளை வாயிலில் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கி உட்கார்ந்தாய். தொழிற்சாலைக் காரில் உன்னைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். பின்னிருக்கையில் உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வழியில் ஏற்றிக்கொண்ட உன் மனைவி ஆரோக்கியமேரி, முன்னிருக்கையில் நான். வழி நெடுக அந்தச் செம்புத் தண்ணீர்தான் என் கண்முன் இருந்தது. மருத்துவமனையில் உன்னையும் உன் மனைவியையும் உள்ளே அனுப்பிவிட்டு நான் சீட்டு வாங்கும் சன்னலில் நின்றேன். சிறிது நேரம் கழித்து ஒரு மருத்துவர் வெளியே வந்து என்னிடம் கேட்டார்: "கூட வந்தவரா நீங்க? காலையில வித்தியாசமா எதாவது சாப்ட்டாரா, தெரியுமா?"

"வழக்கம்போலத்தான் சார்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். நான்காம் நாள் நீ போய்விட்டாய்.

வயிற்றில் நாள்பட்ட புண் இருந்து வெடித்துவிட்டது என்றார்கள். முதுகுவலிக்காக ஆண்டுக்கணக்கில் நீ விழுங்கிய மாத்திரைகள்தாம் காரணம் என்று மருத்துவர் தெளிவாகவே சொன்னார். நான் நம்பவில்லை. நம்ப எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் இயந்திரத்தைப் பதினோரு முறை அலசினேன். உலர்த்தக்கூட இல்லாமல் போர்வையில் சுற்றிப் பரணில் ஏற்றினேன். பிறகு கணக்குப் போடத் தொடங்கினேன். குழாயில் எவ்வளவு நீர் தங்கும், இரண்டு அலசலுக்குப் பின் அமிலம் எவ்வளவு மிஞ்சும், ஒரு தம்ளரில் எவ்வளவு வரும். மனித வயிறு தானாகவே சுரப்பதும் அதே அமிலம்தான். அதில் இது ஒரு துளிக்குச் சமானம் என்றே ஒவ்வொரு முறையும் விடை வந்தது. ஒவ்வொரு விடைக்கும் அடியில் என் கை தானாக எழுதியது: 'ஆனால் மூன்றாம் அலசல் இல்லை.'

களிமண்ணில் ஒளிந்திருக்கும் சுண்ணாம்பு மணியைப் பற்றி நீ சொல்வாய். சூளையில் வெந்து, பார்வைக்கு நல்ல சாமானாக வெளியே வரும்; பல நாள் காற்றின் ஈரத்தைக் குடித்து, ஒருநாள் யாரும் தொடாமலே தெறிக்கும். "உம்மனசும் அப்பிடித்தான்யா. உள்ளயே வச்சிருந்து என்னிக்கோ வெடிக்கப்போறே" என்பாய். அது நேற்று நடந்தது.

நேற்று முற்பகல் ஆரோக்கியமேரி வந்தாள். உன் மகளுக்குத் திருமணம். ஈஸ்டர் கழிந்த வாரத்தில் வைத்திருக்கிறார்கள். பத்திரிகையைத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். வசந்தா ஃபில்டர் காபி கொண்டுவந்து வைத்தாள். உன் மனைவி தம்ளரைப் பார்த்தாள். இரண்டு விரலால் தள்ளி வைத்தாள்.

"வேணாம் வசந்தா. எடுத்துட்டுப் போ."

"சக்கர கம்மியாத்தான் போட்டிருக்கேன்."

"எதுவா இருந்தாலும் வேணாம்."

இந்த ஆறு ஆண்டுகளில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தது அரிது. வந்தபோதும் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனாள். எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. "அது அந்த மெஷின் காபி இல்லம்மா" என்றேன்.

"எந்த மெஷினு?"

அதற்குமேல் என்னால் நிறுத்த முடியவில்லை. வரிசை மாறாமல், அளவு விடாமல், எல்லாவற்றையும் சொன்னேன். அமிலம், இரண்டு அலசல், கீழே வைத்த செம்பு, மருத்துவர் கேட்டது, நான் சொன்ன 'வழக்கம்போலத்தான்'. சமையலறை வாசலில் வசந்தா நின்று கேட்டாள். அவளுக்கும் இது முதல்முறை. உன் மனைவி பத்திரிகைக் கட்டின்மேல் இரு கைகளையும் வைத்தபடி அசையாமல் இருந்தாள்.

"அண்ணே," என்றாள், "அவரு அத குடிக்கவே இல்லீங்களே."

எனக்குக் கேட்டது, ஆனால் விளங்கவில்லை.

"தவக்காலம்ணே அது. சாம்பல் புதன்லேர்ந்து அவரு காபிய வுட்டுட்டாரு. ஈஸ்டர் வரைக்கும் தொட மாட்டேன்னு நேந்துக்கிட்டு இருந்தாரு. இப்பவும் தவக்காலந்தான். அதான் நானும் வேணாம்னேன்."

"தெனமும் நான்தானேம்மா கையில குடுத்தேன்? தம்ளரு காலியா இருந்துச்சே!"

"நீங்க உள்ள போயி அந்தக் கண்ணாடிய கழுவிட்டு வர்றதுக்குள்ள செடியில ஊத்திடுவாராம். வூட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லி சிரிப்பாரு. நேரா வேணாம்னு சொல்லிடுங்களேன், ஏன் பாவம் அந்த மனுசன ஏமாத்துறீங்கன்னு கேட்டேன். அதுக்கு அவரு, உனக்குத் தெரியாதுடீ, வேணாம்னா ஏன்னு கேப்பான். தவக்காலம்னா எத்தினி நாளு, எதெது ஆவாது, ஞாயித்துக்கெழம கணக்குல சேருமான்னு கேட்டு நோட்டுல எழுதி வச்சிப்பான். அப்புறம் ஈஸ்டர் வரைக்கும் எனக்கு சாமியாரு அவன்தான்னாரு."

உன் குரலில் நீயே பேசியதுபோல் இருந்தது. ஆயினும் என் புத்தி அந்த ஒரு நாளையே பிடித்துக்கொண்டு நின்றது. "அன்னிக்கு? அன்னிக்கும் ஊத்திட்டானா? உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் பக்கத்துலதானே நின்னேன்! உள்ள கூட்டிட்டுப் போனதும் டாக்டரு அவருகிட்டயே கேட்டாரு, காலையில என்னா சாப்ட்டேன்னு. ஒண்ணுமில்ல சார், காபியகூட செடிக்கு ஊத்திட்டேன்னாரு. டாக்டருக்கு ஒண்ணும் புரியல. அவ்ளோ வலியிலயும் என்னப் பாத்து கண்ணடிச்சாருண்ணே. நேத்து வரைக்கும் எறும்புக்கு விருந்து, இன்னிக்கி என்னமோ ஆசிட்டு வாட அடிச்சிது, செடி தாங்குமான்னு தெரியல, வசந்தாகிட்ட சொல்லாதேன்னாரு."

"அடப்பாவி மனுசா!" என்று வாசலிலிருந்து வசந்தா கத்தினாள். "என் குரோட்டன்ஸு! அந்தப் பங்குனியில கருகிப் போச்சே, வெயில்னு நெனச்சி இவரையில்ல திட்டுனேன்!"

மூவரும் சிரித்தோம். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். மீண்டும் துடைக்க வேண்டியிருந்தது. சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோன மண்ணில் பாலும் சர்க்கரையும் தேட எனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆறு ஆண்டுகளாக என் மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று, விடைபெறாமலே இறங்கிப் போய்விட்டது.

சிரிப்பு அடங்கியபின் அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். "நானும் ஒண்ணு வச்சிருக்கேண்ணே. தவக்காலம்னு காலையில எதுவும் சாப்புடாம, வெறும் வயித்துல அந்த மாத்திரைய போட்டாரு. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு வாய் கஞ்சியாவது குடிங்கன்னு சொல்லல. நேந்துக்கிட்டத நாம கெடுக்கக் கூடாதுன்னு இருந்துட்டேன்."

"அது மூணு வாரத்துல வந்த புண் இல்லம்மா. பல வருஷத்துப் புண்ணுன்னு டாக்டரே சொன்னாரே" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அந்த டாக்டரு வார்த்தையத்தானே நீங்க ஆறு வருஷமா நம்பல?"

"ரெண்டு பேரும் இன்னியிலேர்ந்து நம்புங்க" என்றாள் வசந்தா. எங்கள் வீட்டில் விதி வகுப்பவன் நான். நேற்று அதை அவள் செய்தாள்.

புறப்படும்போது உன் மனைவி படியில் நின்றாள். குரோட்டன்ஸ் இருந்த அதே விரிசல் குழாயில் இப்போது கற்றாழை இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கல்யாணம் முடிஞ்சி பொண்ணு மாப்பிள்ளைய கூட்டிக்கிட்டு வரேண்ணே. அந்த மெஷின்லயே காபி போட்டுக் குடுங்க. போயிட்டு வரேன்."

அதற்காகத்தான் இந்த வினிகர். பாலக்கரைக் கடையில் இரண்டு புட்டி வாங்கினேன். அன்று உலர்த்தாமல் சுற்றிவைத்ததால், வற்றிய நீரின் உப்பு தொட்டியின் அடியில் வெள்ளை வளையங்களாகப் படிந்திருந்தது. கையேட்டை எடுத்து, இம்முறை ஒரு சொல்லும் மீறாமல் செய்தேன். பாதி இறங்கியதும் நிறுத்தினேன். அரை மணி நேரம் ஊறவிட்டேன். மீதி இறங்கியபோது குடுவையில் வெள்ளைச் செதில்கள் மிதந்தன. பிறகு வெறும் தண்ணீர்: ஒன்று, இரண்டு. மூன்றாவது செம்பை ஊற்றியபோது வாசலில் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது. அடிக்கட்டும் என்று ஊற்றி முடித்தேன். இப்போது முனகிக்கொண்டிருப்பது அந்த மூன்றாம் அலசல்தான்.

உன் மரணத்தில் எனக்குப் பங்கில்லை என்பதை நேற்று ஏற்றுக்கொண்டேன். 'வழக்கம்போலத்தான்' என்ற அந்தச் சொல் மட்டும் என்னுடையது. நீ உள்ளே உண்மையைச் சொன்னதால் அது யாரையும் கெடுக்கவில்லை. ஆனால் நான் அதைச் சொன்னபோது, நீ உள்ளே சொன்னது எனக்குத் தெரியாது. அதை நான் அலசிப் போக்க முயலவில்லை. சுவர்ப் பலகையில் நாளை இன்னொரு வரி சேர்க்கப்போகிறேன்: தவறு நேர்ந்தால் கேட்பதற்கு முன் சொல்லவும். அடியில் இரட்டைக் கோடு.

முனகல் நின்றுவிட்டது. எழுந்துபோய்க் குடுவையைக் காலிசெய்து, தூள் போட்டு, ஒரு தம்ளர் காபி கலந்து எடுத்துக்கொண்டு வந்து, நீ உட்காரும் படியில் உட்கார்ந்து குடித்துப் பார்த்தேன். முதல் தம்ளரை இனி நான்தான் குடிப்பது என்று வைத்திருக்கிறேன்.

உன்னிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். காபி நன்றாக இல்லை. தண்ணீராக இருக்கிறது, மணமும் இல்லை. வசந்தாவின் பித்தளை ஃபில்டர் அருகில்கூட இது வராது. அப்போது நீ தினந்தோறும் செடியில் ஊற்றியதற்குத் தவக்காலம் ஒன்றுதான் காரணமா என்று இப்போது எனக்குப் பலத்த சந்தேகம் வருகிறது.

கற்றாழைத் தொட்டி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. வசந்தா கூடத்தில் இருக்கிறாள்; பார்க்க யாருமில்லை. ஆனாலும் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். விரதம் இருந்தவன் நீ. எனக்கு அந்தச் சலுகை இல்லை.